காலியாக விட்ட கட்டம்

அத்தியாயம் 17

சிஸ்டரம்மாவுக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், பாத்திரங்கள் பேசும். அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கே சமையலறையில் பாத்திரங்கள் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தன.

கோபம் ஒரு வாரப் பழசு. அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் ஐந்தாம் வார்டில் படுத்திருந்த ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவு எப்படியோ வெளியே கசிந்து, அவருடைய முதலாளியின் காதுக்குப் போய், பாவம், அந்த மனிதரின் வேலையே போய்விட்டது. அந்த முடிவைக் கணினியில் திறந்து பார்த்தது யார் என்று தலைமை மருத்துவர் கூட்டத்தில் கேட்டார். கணினி சொன்ன பதில், ‘வார்டு ஐந்து’. அந்த வார்டில் இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டு பேருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். அதையும் ஒரு சீட்டில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் ஒட்டி வைத்திருந்தார்கள். முப்பத்துமூன்று வருடம் ஒரு சொல் கேட்காமல் வேலை பார்த்த தலைமை நர்ஸ் சிஸ்டரம்மா, அத்தனை பேருக்காகவும் அன்று தலை குனிந்து நின்றார்.

அத்தோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. அதே கூட்டத்தில் கடைசி நாற்காலியிலிருந்து அவருடைய மருமகள் எழுந்தாள். அதே ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள் அவள். ஒரு வாரம் கொடுங்கள், இனி அவரவர் பெயரில்தான் உள்ளே வர முடியும் என்று செய்து காட்டுகிறேன் என்றாள். தலைமை மருத்துவர் வெள்ளிக்கிழமை மூன்று மணி என்று கெடு வைத்தார். முடியாவிட்டால் வெளியிலிருந்து ஒரு கம்பெனி வரும். கணினிப் பிரிவில் இருக்கும் மூன்று பேரும் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

மாமியார் அவமானப்பட்டு நிற்கும்போது பக்கத்தில் வந்து நிற்காமல், எழுந்து நின்று பூட்டு மாட்டித் தருகிறேன் என்றாளே, அதுதான் சிஸ்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மகனிடம் சொல்லிப் பார்த்தார். உங்கள் இரண்டு பேர் ஆபீஸ் சமாசாரத்தில் என்னை இழுக்காதீர்கள் என்று கைகழுவிவிட்டு, அவன் வெளியூர் வேலைக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். கெட்டிக்காரன்.

ஆக, இன்று அந்த வெள்ளிக்கிழமை.

சாப்பாட்டு மேசையில் சிஸ்டரம்மாவின் கணவர் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். விசில் இன்னும் வாசல் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. அறுபத்தொரு வயதில் ஒரு ஊசி போட்டுக்கொண்டதில்லை என்று எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

புது சிஸ்டம் வந்தால் எல்லாருடைய நம்பரும் மாறிவிடுமா என்று அவர் மருமகளைக் கேட்டார். மாறாது, கழுத்து அட்டையில் இருக்கிற பணி எண்தான் பெயர், பாஸ்வேர்ட் மட்டும் அவரவருடையது என்று அவள் சொன்னாள்.

“அப்ப உங்க அத்தை நம்பர் எனக்கே தெரியும். நாலு நாலு ஒண்ணு ஏழு. அவ ஃபாரம் எல்லாம் நான்தானே நிரப்பறேன். பாஸ்வேர்ட் என்னவாம்?”

“அதை நீங்க கேக்கவும் கூடாது, அத்தை சொல்லவும் கூடாது மாமா.”

“முப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். எனக்கே சொல்ல மாட்டாளா?”

அடுப்பங்கரையிலிருந்து ஒரு மூடி ‘டங்’கென்று பதில் சொன்னது. மாஸ்டர் சிரித்துக்கொண்டே எழுந்தார். தட்டில் பாதி அப்படியே இருந்தது.

“நல்லாத்தானே இருக்கீங்க?” என்று சிஸ்டரம்மா தட்டை எடுத்தபடியே கேட்டார். முப்பத்தைந்து வருடமாகத் தினமும் கேட்கிற கேள்வி. அவரும் தினமும் சொல்கிற பதிலையே சொன்னார். “ஆமா, ஆமா.”

மாமியாரும் மருமகளும் ஒரே பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால் ‘அத்தை’ கிடையாது, ‘சிஸ்டர்’தான். மருமகள் வேலைக்குச் சேர்ந்த அன்றே சிஸ்டரம்மா போட்ட சட்டம் அது. நாலு வருடத்தில் அவள் ஒரு தடவைகூட அதை மீறியதில்லை. அன்றும் வாசலில், “வரேன் சிஸ்டர்” என்று சொல்லிவிட்டுக் கீழ்த்தளத்துக்குப் படியிறங்கினாள்.

ஒன்பதரை மணிக்கு சிஸ்டரம்மாவும் அந்தப் படியில் இறங்க வேண்டியிருந்தது. ஐந்தாம் வார்டில் யார் யார் வேலை பார்க்கிறார்கள் என்ற பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவோம் என்று போனவர், அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டார்.

கணினிப் பிரிவு ஒரு நீளமான அறை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சர்வர்கள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. இந்தப் பக்கம் மூன்று மேசைகள். மருமகள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். போனில் அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவர் திட்டிக்கொண்டிருந்தது சிஸ்டரம்மாவின் நாற்காலி வரை கேட்டது. ஒத்திகையில் நர்ஸ்கள் எல்லாரும் உள்ளே போகிறார்கள், டாக்டர் ஒருவரால்கூடப் போக முடியவில்லை, இது என்ன கூத்து என்பது அவருடைய கேள்வி.

“பத்து நிமிஷம் குடுங்க டாக்டர். நானே கூப்பிடறேன்” என்று போனை வைத்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. திட்டு வாங்கினால் தன் வார்டுப் பெண்கள் மருந்து அறைக்குள் போய் அழுவார்கள் என்பது சிஸ்டரம்மாவுக்கு நினைவு வந்தது.

கையெழுத்துப் போட்டபடியே இது எப்படித்தான் வேலை செய்கிறது என்று வேண்டாவெறுப்பாகக் கேட்டு வைத்தார். மருமகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். ஊழியர்கள் எல்லாருடைய பெயரும் பணியாளர் பிரிவின் சர்வரில் ஒரு டைரக்டரியாக ஏற்கெனவே இருக்கிறது. சேர்ந்த அன்று பெயர் ஏறும், ஓய்வு பெற்ற அன்று இறங்கும். ரிப்போர்ட் காட்டுகிற வலைத்தளம் இனி தனக்கென்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளாது. யாராவது எண்ணையும் பாஸ்வேர்டையும் அடித்தால், அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்று டைரக்டரியில் தேடிப் பிடிக்கும். பிறகு அவர் கொடுத்த பாஸ்வேர்டை அங்கேயே நீட்டி, இது சரியா என்று கேட்கும். சரி என்று பதில் வந்தால் கதவு திறக்கும். அதற்கப்புறம் இவர் நர்ஸா, டாக்டரா, லேபா என்று குழுவைப் பார்த்து, அவருக்கு உண்டான பக்கங்களை மட்டும் காட்டும்.

டாக்டர்கள் சங்கதியையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள். ‘டாக்டர்கள்’ என்ற குழுவில் நேரடியாக ஒருவர் பெயரும் இல்லை. எலும்புப் பிரிவு, அறுவைப் பிரிவு, குழந்தைகள் பிரிவு என்று உட்குழுக்கள்தான் இருந்தன. சர்வர் மேலோட்டமாகப் பார்த்து, ஆளே இல்லை என்று கையை விரித்துவிட்டது. உட்குழுக்களுக்குள்ளும் போய்த் தேடு என்று ஒரு வரியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அவள் மாற்றிய விதத்தைத்தான் சிஸ்டரம்மா கண் கொட்டாமல் பார்த்தார். முதலில் பழைய வரியை ஒரு நோட்டில் எழுதினாள். பக்கத்தில் புது வரி. நேரம் பத்து மணி நாலு நிமிடம். கீழே தன் கையெழுத்து. அப்புறம்தான் விசைப்பலகையில் கை வைத்தாள். மாற்றியதும் அப்படியே ஓட விடவில்லை; எழுதியதில் பிழை உண்டா என்று சர்வரையே ஒரு தடவை படிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகுதான் ஏற்றினாள்.

எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, கொடுத்தது யார். தன் வார்டுப் பெண்களுக்கு இதைப் புகட்டுவதற்குள் சிஸ்டரம்மாவின் தொண்டை வற்றிவிடும். இங்கே ஒருத்தி யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தாள். நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இது நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. வெட்கத்தைக் காட்டிக்கொள்ளாமல் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேலே ஏறிப் போனார்.

பன்னிரண்டு மணிக்குப் புது லாகின் ஆஸ்பத்திரி முழுக்க வந்தது. ஐந்தாம் வார்டில் விசைப்பலகைக்கு அடியிலிருந்த சீட்டை சிஸ்டரம்மா தன் கையாலேயே கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

ஒன்று நாற்பதுக்கு ஒன்பதாம் படுக்கைக்காரருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, அவருடைய சர்க்கரை அளவு என்ன என்று டாக்டர் போனில் அவசரமாகக் கேட்டார். சிஸ்டரம்மா கையுறையோடு கணினிக்கு ஓடினார். நாலு நாலு ஒன்று ஏழு. அடுத்த கட்டத்தில் பாஸ்வேர்ட் அடிப்பதற்குள் கையுறையின் முனை எண்டர் விசையில் பட்டுவிட்டது.

கதவு திறந்துகொண்டது.

டாக்டருக்கு அளவைச் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றிப் போட்டார். முதல் வேலையாக வெளியேறினார். மறுபடியும் எண்ணை அடித்து, வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்ட் கொடுத்தார். முடியாது என்றது. எண்ணை மட்டும் அடித்து, பாஸ்வேர்ட் கட்டத்தைக் காலியாக விட்டு எண்டரைத் தட்டினார். வாருங்கள் என்று வரவேற்றது.

சிஸ்டரம்மா நிமிர்ந்து வார்டைப் பார்த்தார். நர்ஸ், உதவியாளர், பிசியோதெரபி பெண் என்று நடமாடிக்கொண்டிருந்த ஒவ்வொருவர் கழுத்திலும் அட்டை தொங்கியது. ஒவ்வொரு அட்டையிலும் எண். போன வாரம் வரை பாஸ்வேர்டையாவது விசைப்பலகையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது அதுகூட வேண்டாம்.

மூன்று மணிக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரமே இருந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அவர் மனதில் முதலில் எழுந்தது கொஞ்சம் அற்பமான சந்தோஷம்தான். மூன்று மணிக்கு எல்லாரும் கூடி நிற்கும்போது, இதோ பாருங்கள் என்று காட்டினால் போதும். போன வாரம் தலை குனிந்ததற்குப் பதிலாகிவிடும். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பத்து மணி நாலு நிமிடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட நோட்டு கண் முன்னால் வந்தது. அவர் படியிறங்கிவிட்டார்.

மருமகள் அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தாள். சிஸ்டரம்மா சொன்னதைக் கேட்டு, இருக்காதே என்று சொல்லவில்லை. நீங்கள் சரியாகப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுத் தன் எண்ணை அடித்தாள். கட்டத்தைக் காலியாக விட்டாள். தட்டினாள்.

முகம் வெளுத்துவிட்டது.

“தப்பான பாஸ்வேர்ட் நாப்பது விதமா போட்டுப் பாத்தேன் சிஸ்டர். ஒண்ணுமே போடாம விட்டுப் பாக்கணும்னு தோணல” என்றாள் மெதுவாக.

அடுத்த நொடி அவள் செய்த காரியம் சிஸ்டரம்மாவைத் தூக்கிவாரிப் போட்டது. வலைத்தளத்தையே மொத்தமாக நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் அத்தனை திரைகளிலும், சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருக்கிறது என்ற வாசகம். மூன்று மேசைகளிலும் போன்கள் ஒரே நேரத்தில் அலற ஆரம்பித்தன. அவசரமாக முடிவு வேண்டுமென்றால் லேபைக் கூப்பிட்டு வாய்மொழியாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று எல்லாருக்கும் சொல்லும்படி பக்கத்து மேசைகளுக்குச் சொல்லிவிட்டு, அவள் தலைமை மருத்துவரின் எண்ணைச் சுழற்றினாள்.

சிஸ்டரம்மா அவள் கையைப் பிடித்தார். முதலில் சரிசெய்துவிடு, மூன்று மணிக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், இது உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும் என்றார். அப்படிச் சொன்னது யார் என்று அவருக்கே ஆச்சரியம். வாழ்நாளில் யாருக்காகவும் ஒரு தவறை மூடி மறைக்கச் சொன்னவரில்லை அவர்.

“பன்னெண்டு மணியிலேருந்து கதவு திறந்து கெடந்திருக்கு. யார் யாரோட ரிப்போர்ட்ட யார் பாத்தாங்களோ. அவங்களுக்கு நாம பதில் சொல்லணும்ல?” என்றாள் மருமகள். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு போனில் சொன்னாள், “டாக்டர், லாகின்ல ஒரு பெரிய ஓட்டை. என்னோட தப்பு. நிறுத்தி வெச்சிருக்கேன்.”

ஐந்தே நிமிடத்தில் தலைமை மருத்துவர் படியிறங்கி வந்தார். நாற்பது வருடம் அறுவை அரங்கில் நின்றவர். கோபப்படும்போது குரலைத் தணித்துத்தான் பேசுவார், அதனாலேயே எல்லாருக்கும் அவரிடம் பயம். யார் கண்டுபிடித்தது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

“ஐந்தாம் வார்டு சிஸ்டர்” என்றாள் மருமகள். என் மாமியார் என்றோ, நாங்கள் கண்டுபிடித்தோம் என்றோ சொல்லவில்லை. போன வாரம் எந்தப் பெயர் அவருக்கு முன்னால் அவமானப்பட்டு நின்றதோ, அதே பெயரைத் தூக்கி அவர் முன்னால் வைத்தாள்.

பாஸ்வேர்டே இல்லாமல் எப்படித் திறக்கும் என்று அவர் கேட்டார். மருமகள் சொல்லிப் பார்த்தாள். பாஸ்வேர்ட் இல்லாமல் வந்தால், யாரோ பொது ஆள் சும்மா எட்டிப் பார்க்க வந்திருக்கிறார் என்று டைரக்டரி எடுத்துக்கொள்ளும். வந்துவிட்டுப் போ என்று சரி சொல்லிவிடும். அந்தச் ‘சரி’யைத்தான் நம் சர்வர், இவர் இன்னார்தான் என்று உறுதி சொன்னதாக நினைத்துக்கொண்டு கதவைத் திறந்திருக்கிறது. தலைமை மருத்துவரின் நெற்றிச் சுருக்கம் குறையவில்லை.

சிஸ்டரம்மா ஒரு அடி முன்னால் வந்தார்.

“நம்ம வார்டுல ஊசி போடறதுக்கு முன்னாடி, நீங்கதானே இன்னார்னு கேக்கக் கூடாதுன்னு ஒரு விதி வெச்சிருக்கோம்ல டாக்டர்? பாதி மயக்கத்துல இருக்கறவரு எதைக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லுவாரு. அதனால உங்க பேரு என்னன்னு கேக்கணும், அவரு வாயால வரணும், கைப்பட்டையோட ஒத்துப் பாக்கணும். இந்த டைரக்டரியும் அந்த மாதிரி ஒரு ஆமாம் போட்டிருக்கு. பொண்ணு கேட்ட கேள்வி சரி. ஆனா பதிலே சொல்லாதவங்கள வெளிய நிறுத்தணும்னு அவளுக்கு யாரும் சொல்லல.”

தலைமை மருத்துவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றிச் சுருக்கம் போய்விட்டது. மூன்று மணி மூன்று மணிதான் என்று சொல்லிவிட்டு, அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மருமகள் நோட்டைத் திறந்தாள். பழைய வரி, புது வரி, நேரம், கையெழுத்து. கட்டம் காலியாக இருந்தால் டைரக்டரியிடம் போகவே வேண்டாம், வாசலிலேயே திருப்பி அனுப்பு என்று சர்வருக்கு ஒரு விதி எழுதினாள். பணியாளர் பிரிவைக் கூப்பிட்டு, பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு வெறும் கையோடு வருகிறவர்களுக்குச் சரி சொல்லாதே என்று அந்தப் பக்கமும் டைரக்டரியில் ஒரு விதி போடச் சொன்னாள். ஒரு பூட்டு போதாதா என்று தலைமை மருத்துவர் கேட்டதற்கு, நாளைக்கு யாராவது ஒன்றைத் தெரியாமல் எடுத்துவிட்டால் மற்றது இருக்கட்டும் என்றாள்.

பிறகு சோதனை. இம்முறை கேள்விகளைப் போட்டது சிஸ்டரம்மா. வெறும் இடைவெளியை மட்டும் தட்டினால்? போன மாதம் ஓய்வு பெற்றவரின் எண்ணைப் போட்டால்? நீண்ட விடுப்பில் இருக்கிறவர்? நாலாம் வார்டிலிருந்து ஐந்துக்கு இன்று காலைதான் மாறி வந்த பெண்? வார்டில் மனிதர்கள் எப்படியெல்லாம் அவசரப்படுவார்கள், எங்கெல்லாம் குறுக்கு வழி தேடுவார்கள் என்பது முப்பத்துமூன்று வருடமாகப் பார்த்தவருக்குத் தெரியாதா என்ன. ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, இவள் போட்டுப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் மட்டும் தடங்கியது, அதையும் திருத்தினாள். மாமியாரும் மருமகளும் ஒரு வேலையை இத்தனை நேரம் சேர்ந்து செய்தது அதுதான் முதல் தடவை. வீட்டில் ஒரு குழம்பைக்கூடச் சேர்ந்து வைத்ததில்லை.

மூன்றடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது வலைத்தளம் மறுபடி எழுந்தது. தலைமை மருத்துவர் தன் எண்ணை அடித்துக் கட்டத்தைக் காலியாக விட்டுத் தட்டினார். முடியாது என்றது. பாஸ்வேர்டோடு தட்டினார். திறந்தது. அவர் எழுந்து, கணினிப் பிரிவு இங்கேயேதான் இருக்கும், கம்பெனியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றார். பன்னிரண்டிலிருந்து நிறுத்திய நேரம் வரை வெறும் கையோடு நுழைந்தவர்களின் பட்டியல் மட்டும் ஐந்து மணிக்குள் தன் மேசைக்கு வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

அவர் தலை மறைந்ததும் சிஸ்டரம்மா மருமகளின் டிபன் பாக்ஸை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். பாராட்டிச் சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. பழக்கமில்லாத வாய் அல்லவா, “ஆறிப்போச்சு. சாப்பிடு” என்றுதான் வெளியே வந்தது.

மருமகளுக்கு அது போதுமானதாக இருந்தது. சிரித்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுக்கொண்டே டைரக்டரியும் வலைத்தளமும் எழுதி வைத்திருந்த பதிவுகளைத் திரைக்கு வரவழைத்தாள். பாஸ்வேர்டோடு வந்தவர்கள் ஒரு மாதிரியும் வெறும் கையோடு வந்தவர்கள் வேறு மாதிரியும் அதில் பதிவாகியிருப்பார்களாம். வார்டுக் கணினியிலிருந்து சிஸ்டரம்மா நுழைந்தது இரண்டு தடவை, ஒன்று நாற்பதுக்கும் நாற்பத்துமூன்றுக்கும். தன் சோதனை ஒன்று. அவ்வளவுதான் என்று நிம்மதியாகப் பார்த்துக்கொண்டே வந்தவளின் கை நின்றது.

“பன்னெண்டு அம்பதுக்கு நீங்க எங்க இருந்தீங்க சிஸ்டர்?”

வார்டில்தான், மருந்து வண்டியோடு. பத்து பேர் சாட்சி சொல்வார்கள். ஆனால் திரையில் நாலு நாலு ஒன்று ஏழு என்றுதான் இருந்தது. ரவுண்ட்ஸ் போகிற டாக்டர்கள் நின்றபடி பார்ப்பதற்காக வரவேற்புக்குப் பக்கத்தில் வைத்திருந்த கணினியிலிருந்து. முதலில் தப்பான பாஸ்வேர்ட் ஒன்று. மறுபடி தப்பு. மறுபடியும் தப்பு. நாலாவது தடவை, கட்டம் காலி. கதவு திறந்திருக்கிறது. உள்ளே வந்தவர் ஒரே ஒரு வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் திறந்து, ஆறு நிமிடம் பார்த்துவிட்டு வெளியேறியிருக்கிறார்.

யாருடைய ரிப்போர்ட் என்று கேட்பதற்கு முன்பே நோயாளி பெயர் இருந்த இடத்துக்கு சிஸ்டரம்மாவின் கண் போய்விட்டது. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குப் பக்கத்தில் அச்சடித்திருந்த பெயர். அவர் இங்கே வந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டதே சிஸ்டரம்மாவுக்குத் தெரியாது.

வரவேற்பில் இருக்கிற பெண்களுக்கு டிரில் மாஸ்டரை நன்றாகத் தெரியும். சிஸ்டர் வீட்டுக்காரர் கணினி பக்கம் நின்றால் யார் தடுக்கப் போகிறார்கள். முதல் பாஸ்வேர்ட் கல்யாண நாளாக இருக்கும். அடுத்தது மகன் பிறந்த நாள். மூன்றாவது என்னவாக இருந்திருக்கும் என்று சிஸ்டரம்மாவுக்குப் பிடிபடவில்லை. மூன்றும் ஆகாமல், இனி போட ஒன்றும் தெரியாமல், வெறுமனே தட்டியிருக்கிறார் அந்த மனிதர்.

மருமகள் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தாள்.

“தலைமை நர்ஸ் எந்த ரிப்போர்ட்டையும் திறந்து பாக்கலாம். எனக்கு அந்த அனுமதி இல்ல. நான் வெளிய நிக்கறேன் அத்தை.”

ஆஸ்பத்திரிக்குள் நாலு வருடத்தில் முதல் ‘அத்தை’. சட்டத்தை மீறியதற்காக சிஸ்டரம்மா அவளைத் திருத்தவில்லை.

உட்கார்ந்தார். நாலு நாலு ஒன்று ஏழு. பாஸ்வேர்ட் கட்டத்தில் சின்னக் கோடு விட்டு விட்டு மினுங்கியது. எட்டு எழுத்து அடித்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். அடித்தால் தன் பெயரில் பதிவாகும். அதற்கு அவர் பயப்படவில்லை. ஆனால் என்னிடம் சொல்லத் துணியாமல் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லித் தட்டியவரின் வயிற்றுக்குள் நடப்பதை, அவருக்கே தெரியாமல் திரையில் படிப்பதா. போன வாரம் வேலை போன மனிதருக்கு யாரோ செய்ததும் அதுதானே.

கையை எடுத்துவிட்டார். பக்கத்தை மூடினார்.

கதவைத் திறந்து, பட்டியலில் அந்த வரியை எடுத்துவிடாதே, அப்படியே கொடு என்றார். எடுப்பதாக இல்லை என்று மருமகள் சொன்னாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. இந்தப் பெண்ணை என் மகன் எங்கே போய்த் தேடிப் பிடித்தான் என்று, அந்த நேரத்திலும், சிஸ்டரம்மாவுக்குப் பெருமையாக இருந்தது.

தாழ்வாரத்தின் கோடிக்குப் போய் வீட்டுக்கு போன் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார் மாஸ்டர். குரலில் வழக்கமான மிடுக்கு. என்ன இந்த நேரத்தில், மருமகள் பாஸா ஃபெயிலா என்று கேட்டார்.

நல்லாத்தானே இருக்கீங்க என்ற கேள்வி பழக்க தோஷத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சிஸ்டரம்மா அதை விழுங்கினார். முப்பத்துமூன்று வருடமாக வார்டுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதியைத் தன் வீட்டில் ஒரு நாளும் கடைப்பிடிக்காமல் விட்டுவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“உங்களுக்கு என்ன பண்ணுது?” என்று கேட்டார்.

மறுமுனையில் ‘ஆமா, ஆமா’ வரவில்லை. சிஸ்டரம்மா அவசரப்படுத்தவில்லை, பதில் அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தார்.

கடைசியில் டிரில் மாஸ்டர் கேட்டார், “நீ எப்ப வீட்டுக்கு வருவே?”